பச்சை ஜோடியின் பானையில் ஒரு சிவந்த கண்

அப்பனும் பச்சை, அம்மாவும் பச்சை. கூடாக வைத்த பானையில் பொரித்த ஐந்து குஞ்சுகளில் ஒன்றுக்கு மட்டும், இன்னும் திறக்காத இமைக்குள் கண் செக்கச்செவேல் என்று தெரிகிறது. மற்ற நான்குக்கும் அதே இடத்தில் கருந்திராட்சை போல ஒரு புடைப்பு. லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் வீடுகளில் இதை அதிர்ஷ்டம் என்பார்கள், இல்லாவிட்டால் வேறு ஆண் சேர்ந்துவிட்டது என்பார்கள். ஜோடி தனிக்கூண்டில் இருந்தால் இரண்டாவதற்கு வழியில்லை. நிறம் அப்பனுக்குள் மறைந்து இருந்திருக்கிறது. அந்தக் குஞ்சும் அநேகமாகப் பெண்தான். இறகு முளைப்பதற்கு முன்பே இவ்வளவு சொல்லிவிடலாம்.

லவ் பேர்ட்ஸ் என்று நம் ஊரில் பழகிவிட்ட இந்தப் பறவையின் சரியான பெயர் பட்ஜரிகர், சுருக்கமாகப் பட்ஜி. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் அது இன்றும் பச்சைதான். 1840இல் ஜான் கூல்டு இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோனதும் பச்சைதான். ஆனால் இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று கிடையாது. மஞ்சள் சாயம் ஒன்று, கறுப்பான மெலனின் ஒன்று, அவ்வளவுதான். இறகு இழையின் நுண்ணிய உள்ளமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலம் காட்டுகிறது. பின்னால் மெலனின் இருட்டு இருந்தால்தான் அந்த நீலம் கண்ணுக்குத் தெரியும். நீலத்தின்மேல் மஞ்சள் சேர்ந்தால் பச்சை. மஞ்சள் போய்விட்டால் நீலப் பறவை. மெலனின் போனால் நீலமும் கூடவே போய், மஞ்சள் மட்டும் நிற்கும் லுட்டினோ. இரண்டும் போனால் வெள்ளையாக நிற்கும் ஆல்பினோ. கண்ணிலும் மெலனின் இல்லாததால் ரத்தத்தின் சிவப்பு அப்படியே தெரிகிறது.

மெலனினைத் தடுத்து லுட்டினோவையும் ஆல்பினோவையும் உண்டாக்கும் ஐனோ மரபணு இசட் குரோமோசோமில் இருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் ஐனோ வந்தால் பெண்ணால் மறைக்க முடியாது, கண் சிவந்துவிடும். ஆண் ஒரு இசட்டில் அதை வைத்துக்கொண்டு வெளியே முழுப் பச்சையாகவே சுற்றும். இதைத்தான் ஸ்ப்ளிட் என்கிறோம். ஸ்ப்ளிட் ஆணைச் சாதாரணப் பெண்ணோடு விட்டால் மகள்களில் பாதி சிவப்புக் கண். ஐனோ ஆணைச் சாதாரணப் பெண்ணோடு விட்டால் மகள்கள் எல்லாமே சிவப்புக் கண், மகன்கள் எல்லாமே ஸ்ப்ளிட். சாதாரண ஆணுக்கு ஐனோ பெண்ணைச் சேர்த்தால் ஒரு குஞ்சுக்கும் கண் சிவக்காது. நல்ல விலை கொடுத்து ஆல்பினோ பெண்ணை வாங்கி, வீட்டில் இருக்கும் நீல ஆணோடு விட்டுவிட்டு, வெள்ளைக் குஞ்சுக்காக ஒரு வருஷம் காத்திருப்பது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அந்த ஜோடியின் மகன்கள் அத்தனையும் ஸ்ப்ளிட் என்பது தெரியாமல் அவற்றைச் சாதாரண விலைக்கு விற்றுவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

ஆல்பினோ எடுக்க வேண்டும், கையில் லுட்டினோ ஆணும் நீலப் பெண்ணும்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் ஈட்டில் ஆண் குஞ்சுகள் எல்லாம் பச்சை, பெண் குஞ்சுகள் எல்லாம் லுட்டினோ. இரண்டும் நீலத்தை உள்ளே வைத்திருக்கும். அண்ணன் தங்கையைச் சேர்க்காதீர்கள். முட்டைக்குள்ளேயே குஞ்சு சாவது கூடும். பச்சை மகனை வேறு குடும்பத்து நீலப் பெண்ணோடு விட்டால் ஆல்பினோ எட்டில் ஒன்று, அதுவும் பெண்ணாகத்தான் வரும். எட்டில் ஒன்று என்றால் எட்டாவது குஞ்சு வெள்ளை என்று அர்த்தமில்லை. பத்துக் குஞ்சு எடுத்தும் ஒன்றுகூட வராமல் போவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நீலப் பெண்ணுக்குப் பதிலாக ஆல்பினோ பெண் கிடைத்தால் நாலில் ஒன்று, ஆணும் வரும், பெண்ணும் வரும். செலவானாலும் இந்த இரண்டாவது வழியையே நான் சொல்வேன்.

சிவந்த கண்ணைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடவும் கூடாது. சின்னமன் என்ற நிறவகைக் குஞ்சுக்கும் பொரித்த புதிதில் கண் செந்நாவல் நிறத்தில்தான் இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கருத்துவிடும். அதனால் டார்ச் அடித்து இருமுறை பார்க்க வேண்டும்: மூன்றாம் நாள் ஒரு தடவை, பத்தாம் நாள் ஒரு தடவை. சின்னமனும் இசட்டில் போகும் மரபணுதான், ஆகவே ஆண் பெண் கணக்கு மாறாது. பத்தாம் நாளுக்குப் பிறகும் கண் சிவப்பாகவே இருந்து, இறக்கையில் பழுப்பு வரிகளும் முளைத்தால் அது ஃபாலோ என்ற வேறு நிறவகையாக இருக்கலாம். ஃபாலோ என்றால் அந்த மரபணுவை அப்பா அம்மா இருவரும் தந்திருக்க வேண்டும், குஞ்சு ஆணாகவும் இருக்கலாம். கண் கறுப்பாக இருக்கும் வெள்ளைப் பறவை ஆல்பினோவே அல்ல. அது இரட்டை ஸ்பேங்கிள், டார்க் ஐ கிளியர் என்ற வேறு நிறவகைகளில் ஒன்றாக இருக்கும். வளர்ந்த ஸ்பேங்கிளுக்குக் கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும், டார்க் ஐ கிளியருக்கு வராது. வயதான லுட்டினோவின் கண் நிழலில் கறுப்பு போலவே தெரியும் என்பதால் வெளிச்சத்தில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நல்ல ஆல்பினோவை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், முதுகில் மிக மெல்லிய நீலப் பளபளப்பு ஓடும். அதை அழுக்கு என்று நினைத்துக் குளிப்பாட்டுகிறவர்களும் உண்டு.

அலகுக்கு மேல் உள்ள மூக்குத் தோல் நீலமென்றால் ஆண் என்ற கணக்கு ஐனோவில் செல்லாது. ஆணின் மூக்கு வளர்ந்த பிறகும் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவே நிற்கும். பருவத்துக்கு வந்த பெண்ணின் மூக்கு பழுப்பாகித் தடித்து, செதில் செதிலாக இருக்கும். இது தெரியாமல் இரண்டு ஆணை ஜோடி என்று வாங்கி வந்துவிடுகிறார்கள்.

இனி கூண்டு. நிறத்துக்காக வளர்ப்பதென்றால் பெரிய கூண்டில் பத்து ஜோடியை ஒன்றாக விடுவது உதவாது, எந்தக் குஞ்சுக்கு யார் அப்பா என்றே தெரியாது. ஒரு ஜோடிக்கு இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் போதும். ஆணை மாற்றும்போது பெண்ணை மூன்று வாரம் தனியே வைத்த பிறகே புது ஆணோடு விடவும். பழைய ஆணின் விந்து பெண்ணின் உடலில் பல நாள் தங்கி முட்டையைக் கருவாக்கும்.

பானை சாதாரணச் சுட்ட மண்பானையாக இருக்கட்டும். வேலூரை அடுத்த கரிகிரிப் பக்கம் செய்யும் மெருகேற்றிய பாண்டம் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு ஆகாது, அதன் சுவர் ஈரத்தை இழுக்காது, அடியும் வழுக்கும். வழுக்கும் அடியில் வளரும் குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் அகன்று, அப்படியே நின்றுபோகும். அடியில் இரண்டு செ.மீ. மரத்தூள் சுருள் போட்டால் இது வராது. வாய் ஐந்து செ.மீ. போதும். முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அடைகாத்துப் பதினெட்டு நாளில் பொரிக்கும். ஐந்து முட்டை ஈட்டில் மூத்ததுக்கும் கடைக்குட்டிக்கும் எட்டு நாள்வரை வித்தியாசம் இருக்கும். கடைக்குட்டியின் கழுத்தடியில் உள்ள தீனிப்பை காலியாகத் தெரிந்தால், அதே வயதுக் குஞ்சு இருக்கும் வேறு பானைக்கு மாற்றிவிடலாம், ஆனால் எந்தப் பானையிலிருந்து வந்தது என்று உடனே எழுதிவிடுங்கள். எண் பொறித்த மூடிய கால்வளையத்தை ஏழு, எட்டு நாளில் போட வேண்டும், அதற்கு மேல் போனால் கால் நுழையாது.

வேலூர் வெயிலுக்கு முன் இதெல்லாம் ஒன்றுமில்லை. தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைத்த பானையில் குஞ்சுகளின் உடம்புச் சூடும் சேர்ந்துகொள்கிறது. வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து மூச்சு வாங்கினால் பறவை தாங்கவில்லை என்று அர்த்தம். பங்குனி பிறக்கும்போதே பானைகளை எடுத்துவிட வேண்டும், அக்கினி நட்சத்திரம் வரை காத்திருந்தால் அந்த ஈடு போய்விடும். மேற்குப் பக்கம் நனைத்த கோணியைத் தொங்கவிடுங்கள், பானையை மட்டும் நனைக்காதீர்கள், உள்ளே எச்சம் ஈரமாகி நாறும். சிவப்புக் கண் பறவைக்கு நேர் வெளிச்சம் கூசும், அதன் கூண்டுக்கு நிழல் இன்னும் கொஞ்சம் அதிகம் தேவை. புரட்டாசி முதல் மாசி வரை இரண்டு ஈடு எடுத்தால் போதும். அடைமழை நாட்களில் மரத்தூளை மட்டும் அடிக்கடி மாற்றுங்கள்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். இளஞ்சிவப்பு பட்ஜி, சிவப்பு பட்ஜி என்று எதுவுமே கிடையாது, அதன் இறகில் சிவப்புச் சாயம் உண்டாவதில்லை. ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்தாலே பல நேரம் பூசிய சாயம் தெரிந்துவிடும். விற்பவர் “ஸ்ப்ளிட்டுங்க” என்றால், அதன் அப்பா அம்மா எது, எந்தப் பானைக் குஞ்சு என்று கேளுங்கள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒன்றுக்குத்தான் கூடுதல் விலை கேட்கிறார், நோட்டு காட்டட்டும். உங்கள் நோட்டிலும் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும்: பானை 4, ஆண் பச்சை, பெண் நீலம், பொரித்தது ஐந்து, சிவப்புக் கண் ஒன்று, பத்தாம் நாளும் சிவப்பு, வளைய எண் 17.