லாக்ஹார்ட் ரிவர் அறிக்கையோடு சில நாட்கள்

ஜூன் 9

பல நாளாகத் தள்ளிப்போட்ட லாக்ஹார்ட் ரிவர் விமான விபத்து விசாரணை அறிக்கையை இன்று திறந்துவிட்டேன். 2005 மே 7. ஆஸ்திரேலியாவின் வடகோடியில் பமாகாவிலிருந்து கெய்ர்ன்ஸுக்குப் புறப்பட்ட மெட்ரோ 23 விமானம், வழியில் லாக்ஹார்ட் ரிவரில் இறங்க வேண்டியது. ஓடுதளத்துக்கு வடமேற்கே 11 கிலோமீட்டரில், அடர்காடு மூடிய சவுத் பாப் மலைமுகட்டில் மோதியது. பயணிகள் 13 பேர், விமானிகள் 2 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. விமானம் கடைசிவரை விமானிகளின் கட்டுப்பாட்டில்தான் இருந்திருக்கிறது.

ஜூன் 11

விமானி அறைப் பேச்சைப் பதியும் குரல் பதிவுக் கருவியில் உருப்படியாக எதுவும் இல்லை. அதன் உட்பழுது விபத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. விமானிகளும் கவனிக்கவில்லை, பராமரித்தவர்களும் கவனிக்கவில்லை. பராமரிப்புக் கூடத்தில் காலம் கழித்தவனுக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கக் கோபமாக வருகிறது. நேரில் பார்த்தவர்களும் கிடையாது. தரவுப் பதிவுக் கருவி மட்டும் உயரத்தையும் வேகத்தையும் சொல்கிறது: வேகமும் அதிகம், இறங்கிய வீதமும் அதிகம். ஏன் என்று சொல்ல அதற்கு வாயில்லை.

ஜூன் 12

ஓடுதளத்தை நெருங்கி இறங்கும் வழியைக் காட்டும் வரைபடத்தையே இன்று முழுக்கப் பார்த்தேன். 12ஆம் ஓடுதளத்துக்கு ஜி.பி.எஸ். வழி இறக்கம். அந்த வழியில் வரிசையாகக் குறித்திருக்கும் இடங்களான வழிப்புள்ளிகளின் பெயர்கள் ஐந்தெழுத்து. கடைசி எழுத்து மட்டும்தான் மாறும். கருவி காட்டும் தூரமோ ஓடுதளத்துக்கு அல்ல, அடுத்த புள்ளிக்கு. ஒரு புள்ளியைக் கடந்ததும் எண் குறைவதை விட்டுவிட்டு மறுபடி பெரிதாகிறது. மேகத்துக்குள், அவசரத்தில், "இன்னும் ஐந்து மைல்" என்றால் எதற்கு ஐந்து? நாற்காலியில் சாய்ந்து படிக்கும் எனக்கே இரண்டு முறை குழம்பியது. தாங்கள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற தெளிவை விமானிகள் இழந்திருக்கலாம் என்கிறது அறிக்கை. 'இருக்கலாம்' என்பதற்கு மேல் போகாத அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூன் 14

துணை விமானிக்கு இந்த வகை இறக்கத்துக்கான தகுதிச் சான்றே இல்லை. அப்படியானால் அவரை அந்த இருக்கையில் அமர்த்தியது யார்? 'விமானி தவறு' என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். மூடாமல், விசாரித்தவர்கள் விமான நிறுவனத்தின் பயிற்சிக்கும் மேற்பார்வைக்கும் போய், அங்கிருந்து விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையத்தின் கண்காணிப்பு வரை கேள்வி கேட்டிருக்கிறார்கள். அறிக்கை வர 2007 ஏப்ரல் ஆனதில் வியப்பில்லை.

ஜூன் 15

விமானத்தில் இருந்தது பழைய தரை எச்சரிக்கைக் கருவி. கீழே உள்ள தரையைத்தான் அது அளக்கும். எதிரே எழும் மலையை முன்கூட்டியே அறியாது. நிலப்பரப்பின் தரவைக் கையில் வைத்துக்கொண்டு முன்னோக்கிப் பார்க்கும் புதிய கருவியைப் பொருத்தக் கெடு விபத்து நடந்த அதே 2005 ஜூன் இறுதி. அது இருந்திருந்தால் விபத்து அநேகமாக நடந்திருக்காதாம். கெடு வைப்பவர்கள் இந்தப் பத்தியை ஒரு தடவை படிக்கட்டும். அடுத்து மரண விசாரணை அதிகாரியின் முடிவுகளைத் தேடியெடுக்க வேண்டும்.