பூட்டிய வீட்டில் காத்திருக்கும் தெள்ளு

பொங்கல் விடுமுறைக்கான வீட்டுச் சாவிகள் ஒவ்வொன்றாக என் கைக்கு வரத் தொடங்கிவிட்டன. அடையாறு, திருவான்மியூர் பக்கம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர்களின் பூனைகளையும் நாய்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. காலையில் ஒரு வீட்டில் பூனைக்குச் சோறு வைத்துவிட்டு, அதே உடையோடு அடுத்த வீட்டு நாயைக் கொஞ்சப் போகும் தொழில் இது. நாய், பூனையின் இரத்தத்தைக் குடிக்கும் தெள்ளுப்பூச்சி ஒரு வீட்டிலிருந்து என்னோடு இன்னொரு வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி.

சாவி வாங்கும்போதே தெள்ளைப் பற்றிக் கேட்டுவிடுவேன். கேட்டதும் பலருக்கு முகம் சுருங்குகிறது. "எங்கள் பூனை வாசற்படி தாண்டாதேம்மா, அதற்கு எப்படித் தெள்ளு வரும்?" என்று ஒரு மாமி மனம் நொந்தே கேட்டார். "மாடிப்படியில் படுக்கிற தெருப்பூனையிடமிருந்து வரும் மாமி. பெருச்சாளி கொண்டுவரும். நம் புடவைக் கரையில் ஏறிக்கொண்டும் வரும்" என்றேன். தினமும் பெருக்கித் துடைக்கிற வீட்டுக்கும் தெள்ளு வரத்தான் செய்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டு மறைத்தால்தான் அடுத்த வீட்டுக்கும் ஆபத்து.

வீட்டுக்காரர்கள் மறைக்கிறார்கள் என்று சொல்வதும் முழு நியாயமாகாது. பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது தெள்ளையும் விழுங்கிவிடுகிறது. அதனால் ரோமத்தை விலக்கிப் பார்த்தாலும் பூச்சி கண்ணில் படாமல் போகலாம். நான் தேடுவது அதன் எச்சத்தை. பல் நெருங்கிய தெள்ளுச் சீப்பால் வால் தொடங்கும் இடத்தில் வாரினால் மிளகுத்தூள் போலக் கறுப்புத் துணுக்குகள் வரும். அவற்றை ஈரப்பஞ்சில் வைத்துச் சற்றுப் பொறுத்தால், சாதாரண அழுக்கு அப்படியே கிடக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் சுற்றிலும் செம்பழுப்பாக நிறம் கசியும். அது செரித்த இரத்தம். இந்தச் சோதனையை வீட்டுக்காரர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே, அவர் கண்ணெதிரே செய்துவிடுவது நல்லது. பிறகு யார் வீட்டிலிருந்து வந்தது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

நாயும் பூனையும் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு, வீடு மட்டும் பூட்டிக் கிடக்கும் இடங்களிலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவி கொடுப்பார்கள். எனக்கு அதிகக் கவலை தருபவை இந்த வீடுகள்தான். பூனையின் மேல் குடியேறிவிட்ட தெள்ளு எளிதில் அதை விட்டு இறங்குவதில்லை. ஆனால் பெண் தெள்ளு ஒரே நாளில் 40 முட்டைகள் வரைகூட இடும். அவை ரோமத்தில் ஒட்டாமல் உதிர்ந்து, பூனை படுக்கும் சோபாவிலும் பாயின் மடிப்பிலும் கட்டிலுக்கு அடியிலும் விழுகின்றன. அவற்றிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டு மூலைக்குப் போய்க் கூடு கட்டிக்கொள்கிறது. பசைபோன்ற அந்தக் கூட்டின் மேல் தூசியும் மணலும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது; பூச்சிமருந்தும் உள்ளே எளிதில் இறங்காது. உள்ளே வளர்ந்து முடிந்த தெள்ளு உடனே வெளியே வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். கதவைத் திறந்து ஒருவர் உள்ளே நடந்தால் தரை அதிர்கிறது, உடல் வெப்பமும் மூச்சுக்காற்றும் எட்டுகின்றன. அப்போது கூட்டமாக வெளியே வந்து, நடக்கிறவரின் கணுக்காலைத்தான் முதலில் பிடிக்கும். கூட்டை விட்டு வந்த பசித்த தெள்ளுதான் என் கால்சட்டையில் ஏறி அடுத்த வீட்டுக்குப் பயணம் போகக்கூடியது. சென்னையின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் முட்டையிலிருந்து முழுப்பூச்சியாக மாற மூன்று வாரமே போதுமானது.

ஆகவே, பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் நுழையும்போது முழங்கால் வரை நீண்ட வெள்ளைக் காலுறை அணிந்து, கால்சட்டையின் நுனியை அதற்குள் செருகிக்கொள்கிறேன். கூடத்திலும் படுக்கையறையிலும் மெதுவாக ஒரு சுற்று நடந்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று காலைப் பார்க்கிறேன். வெள்ளைத் துணியில் பழுப்புப் புள்ளி ஒன்று ஏறி, தொடப் போனதும் துள்ளினால் சந்தேகமே வேண்டாம். சோப்பு கலந்த தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் அருகில் இருக்கும். சீப்பில் சிக்குவதும் காலுறையில் ஏறுவதும் அதில்தான் முடியும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சோப்பு கலந்தால் மூழ்கிவிடும்.

வரிசையும் முக்கியம். பூனைக்குட்டிகள் இருக்கும் வீட்டுக்குத்தான் முதலில் போவேன். தெள்ளு அதிகமானால் சின்னக் குட்டிகளுக்கு இரத்தசோகையே வந்துவிடும். பல மருந்துகளை அந்த வயதில் கொடுக்கவும் முடியாது. தெள்ளு உண்டு என்று தெரிந்த வீடு அன்றைய கடைசி வீடு. அங்கிருந்து நேராக என் வீட்டுக் குளியலறைதான். உடைகளை அங்கேயே கழற்றிக் கொதிக்கும் வெந்நீரில் ஊறவைத்துவிடுவேன்.

துணியால் ஆன எதுவும் என்னோடு வீடு மாறாது. சீப்பு, துவாலை, விளையாட்டுப் பொருள், கூடை எல்லாம் அந்தந்த வீட்டுக்கே உரியவை. கைப்பையைச் சோபாவில் வைக்காமல் கதவுக் கொக்கியில் மாட்டுவேன். பூனை படுக்கும் துணியை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை வெந்நீரில் துவைத்து மொட்டைமாடி வெயிலில் காயப்போடுவதையும் வேலையோடு சேர்த்துக்கொண்டுவிட்டேன். துணியை உதறாமல் சுருட்டி எடுத்தால்தான் முட்டைகள் சிதறாமல் துணியோடு போகும்.

மருந்து விஷயத்தில் மட்டும் நான் ஒருநாளும் விட்டுக்கொடுப்பதில்லை. நாய்க்கு வாங்கிய சொட்டுமருந்து மிச்சமிருக்கிறது, பூனைக்கும் போட்டுவிடுங்கள் என்று போனில் சொல்பவர்கள் உண்டு. நாய்களுக்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய் தாங்கும் அளவே பூனைக்கு வலிப்பு வரவைத்து உயிரை எடுத்துவிடும். கால்நடை மருத்துவர் அந்தப் பூனையின் எடையைப் பார்த்து எழுதிக்கொடுத்த மருந்து கையில் இருந்தால் போடுகிறேன், இல்லையென்றால் சீப்போடு நிறுத்திக்கொள்கிறேன். இந்த முறை ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டைச் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.