எல்.கே.ஜி. வகுப்பில் ஒரு கார்னர் சேர்

மூளை முடக்குவாதம் உள்ள என் மகள் இந்த ஜூன் மாதம் எல்.கே.ஜி.யில் சேர்ந்தாள். தக்கலைக்குப் பக்கத்தில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் அங்கன்வாடி. சேர்க்கைப் படிவம் நிரப்பப் பெரிதாக நேரம் ஆகவில்லை. அந்த வகுப்பில் அவளும் ஒரு பிள்ளையாக உட்காருவதற்குத்தான் நீண்ட காலம் பிடித்தது. குமரி மாவட்டத்தில் இதே வழியில் அலைந்துகொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

குறைமாதத்தில் பிறந்தவள். இரண்டு கால்களிலும் தசை இறுக்கம். காலைத் தாங்கும் ஸ்பிளின்ட் பட்டை போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டால் சில அடிகள் நடப்பாள். பேச்சு மெதுவாக வரும். சொல்வது எல்லாம் புரியும்.

முதலில் காகித வேலை. மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு இணையத்தில் பதிவு செய்துவிட்டு, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குப் போனோம். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது, மூளை முடக்குவாதம் அவற்றில் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான உதவிகள் கிடைக்கும். சிறு குழந்தைகளுக்குச் சில வேளைகளில் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். காலாவதித் தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், பிசியோதெரபி செலவுக்கும் அதில் இடம் உண்டு. அட்டை கைக்கு வரட்டும், பிறகு பள்ளி பார்க்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

சான்றிதழில் இருக்கும் சதவீதத்தைப் பார்த்து மனம் உடைந்து போகிறவர்கள் உண்டு. உதவித் திட்டங்களுக்காக அளந்து போடும் எண் அது. பிள்ளை என்ன கற்றுக்கொள்வாள் என்பதை அது சொல்லாது. நாங்கள் முதலில் கேட்டுப்போன தனியார் பள்ளியில் அந்த எண்ணைத்தான் பார்த்தார்கள். மடியில் உட்கார்ந்து சுவரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்த பிள்ளையை ஒருவரும் பார்க்கவில்லை. "உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறோம், சிறப்புப் பள்ளி இருக்கிறதே" என்றார்கள். அன்பான குரலில் வரும் மறுப்புக்குப் பதில் சொல்வது கடினம். கோபப்படக்கூட இடம் தர மாட்டார்கள். சட்டம் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் நாக்கு எழும்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் எல்.கே.ஜி.யில் 25 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகள் அதில் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள். நலிவடைந்த பிரிவினரிடம் கேட்கும் 2 லட்சம் ரூபாய் வருமான வரம்பு இவர்களுக்குக் கிடையாது. ஆனால் 2014 இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. கிறிஸ்தவ சபைகள் நடத்தும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அதற்காக நம்பிக்கை இழக்க வேண்டாம். அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வகைசெய்ய வேண்டும் என்று 2016 சட்டத்தின் 16 ஆவது பிரிவு சொல்கிறது. மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் எளிதாகச் சொல்வதைக் காகிதத்தில் எழுதப் பலரும் தயங்குவார்கள்.

எனக்கு அங்கே சண்டையிட மனம் வரவில்லை. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019 இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது எங்கள் ஊர் அங்கன்வாடியும் அதில் சேர்ந்தது. வீட்டிலிருந்து நடக்கும் தூரம். சத்துமாவு வாங்கப் போய்வந்த நாளிலிருந்தே டீச்சருக்கு என் மகளைத் தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுதான் அவளுடைய வளர்ச்சி தாமதமாக இருப்பதை முதலில் கவனித்துச் சொன்னது. டீச்சர் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். "ஆனால் நீங்களும் நாள் முழுவதும் கூடவே இருக்க வேண்டும்" என்றார்.

இந்த ஒரு நிபந்தனைதான் பெரும்பாலான தாய்மாரை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வீட்டில் வயதான மாமியார். தாய் வந்தால்தான் பிள்ளைக்கு இடம் என்றால், தாயால் வர முடியாத நாளில் பிள்ளைக்கும் இடமில்லை என்றாகிவிடும். அதனால் டீச்சரிடம், "எதற்கெல்லாம் நான் தேவை என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி பார்ப்போம்" என்றேன். பள்ளிகளுக்கு உதவும் அரசின் வட்டார வள மையத்துச் சிறப்பு ஆசிரியரும் வந்தார். மூவரும் உட்கார்ந்து பேசினோம். மற்ற எல்லா அலைச்சலையும்விட அந்த ஒரு மதியம்தான் அதிகப் பலன் தந்தது.

உட்காருவதுதான் முதல் கேள்வி. மற்ற பிள்ளைகள் பாயில் உட்காருவார்கள். உயரமான நாற்காலியில் வைத்தால் இவள் மட்டும் மேலே தனியாக இருப்பாள். அதற்குத்தான் கார்னர் சேர். இரண்டு பலகைகள் மூலையாகச் சேர்ந்து முதுகைத் தாங்கும், கால்களை நீட்டித் தரையோடு உட்காரலாம். சிறப்பு ஆசிரியர் அளவு எடுத்துக் கொடுத்தார். ஊர் ஆசாரி பழைய பலாப் பலகையில் செய்து, முனைகளை உருட்டித் தந்தார். முன்னால் ஒரு சிறு மேசை. இப்போது கதை சொல்லும்போது அவள் கண்ணும் பக்கத்துப் பிள்ளையின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.

அடுத்தது உதவியாளர் அக்காவின் பயம். "தூக்கும்போது எங்காவது பிடித்துவிட்டால் என்ன செய்வேன் மக்களே?" என்று அவர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். யாரும் அவருக்கு எதுவும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினோம். கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. இறுக்கமான காலை வெடுக்கென்று நீட்டக் கூடாது, மெதுவாகத்தான் நீட்ட வேண்டும். முட்டியை மடித்துப் பாதங்களை இரு பக்கமும் வெளியே விட்டு உட்கார்ந்தால் மாற்றி உட்காரவைக்க வேண்டும். சாப்பிடும்போது முதுகு நேராக, தலை சற்றே முன்னால் இருக்க வேண்டும். சோற்றை நன்றாக மசித்துச் சிறு கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மட்டிப் பழம் மசித்துக் கொடுத்தால் அவளே அள்ளிச் சாப்பிடுவாள். கழிப்பறை போக வேண்டும் என்றால் மேசையை இரண்டு தட்டு தட்டுவாள்.

வலிப்பைப் பற்றியும் எழுதினோம். என் மகளுக்கு இதுவரை வந்ததில்லை, ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள பல பிள்ளைகளுக்கு வரக்கூடியது. கையில் சாவியோ இரும்போ கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதனால் எந்தப் பயனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108 ஐ அழையுங்கள். இந்த வரிகளை எல்லா அங்கன்வாடிச் சுவரிலும் ஒட்டலாம் என்று தோன்றுகிறது.

தொடக்கத்தில் நான் வகுப்புக்குள் இருந்தேன், பிறகு திண்ணையில், பிறகு வீட்டில். அக்கா முதல்முறை அவளைத் தனியாகத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோனபோது நான் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு தாய் டீச்சரிடம், தன் மகனும் இவளைப் பார்த்து அப்படி நடக்கப் பழகிவிடுவானோ என்று கேட்டாராம். டீச்சர் அவரை வகுப்பு நேரத்தில் வந்து பார்க்கச் சொன்னார். வந்தார். அவருடைய மகன் என் மகளின் மேசையில் கையை வைத்துக்கொண்டு, பாட்டின் அடுத்த வரியை அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான். அதன் பிறகு அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு நாங்கள் பெரிதாக விளக்கம் சொல்லவில்லை. அவளுடைய கால் சீக்கிரம் களைத்துவிடும், அதற்காகத்தான் ஸ்பிளின்ட் என்றோம். அதற்கு மேல் ஒருவனும் கேட்கவில்லை.

பிசியோதெரபிக்கு வட்டார வள மையம் போகிறோம். அங்கே சொல்லித் தரும் பயிற்சிகளில் இரண்டை டீச்சர் விளையாட்டு நேரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே செய்யவைக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. தனியாக ஒரு மூலையில் செய்யவைத்தால் அழுவாள். எல்லோரும் செய்தால் அவள்தான் முதலில் கையைத் தூக்குகிறாள்.

முடியாத வேலையும் இருக்கிறது. மேட்டு நிலத்தில் கட்டிய பள்ளி, மழைக்காகத் தளத்தை உயர்த்தியிருக்கிறார்கள். இருக்கும் சாய்தளம் செங்குத்தானது, இரண்டு பருவமழையிலும் பாசி பிடிக்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. கழிப்பறையில் கைப்பிடியும் இல்லை. இரண்டையும் எழுதி, படங்களை இணைத்து, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். அளந்து பார்க்க ஆள் வந்துபோனார்கள். மதிப்பீடு தயாராகிறது என்கிறார்கள். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே வைக்கக் கேட்டிருக்கிறேன், தலைமை ஆசிரியரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.