இரண்டு டிஸ்க், இரண்டு சிஸ்டம்: பார்ட்டிஷன் பிரித்த கணக்கு

கணினியில் இருப்பவை: 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, 2 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க் ஒன்று. விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் இரண்டும் இதில் ஓட வேண்டும். எஸ்எஸ்டி புதியது, காலி. ஹார்ட் டிஸ்க் பழையது. அதில் சி, டி, இ, எஃப் என்று நான்கு துண்டுகள் (பார்ட்டிஷன்கள்), உள்ளே சுமார் 900 ஜிபி தரவு.

இந்த நான்கு துண்டுப் பழக்கம் நம் ஊர் அசெம்பிள் கடைகளில் ரொம்ப காலமாக உண்டு. சி-க்கு 100 ஜிபி, மீதியை மூன்று சம பங்கு. பாட்டு ஒன்றில், படம் ஒன்றில், போட்டோ ஒன்றில். கொஞ்ச நாளில் போட்டோ வைத்த துண்டில் 3 ஜிபிதான் மிச்சம் என்று எச்சரிக்கை வரும். பாட்டு வைத்த துண்டில் 200 ஜிபி சும்மா கிடக்கும். வகை பிரிக்க ஃபோல்டர் போதும். பார்ட்டிஷன் என்பது சுவர். அதை எழுப்ப மூன்று காரணங்களைத்தான் நான் ஏற்றுக்கொள்கிறேன்: அங்கே வேறு ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) தேவைப்படுவது, ஒன்றை அழித்து மறுபடி நிறுவும்போது இன்னொன்று அப்படியே இருக்க வேண்டியது, ஒன்று நிரம்பினாலும் மற்றது ஓட வேண்டியது. இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத சுவரை இந்த முறை போடவில்லை.

"முக்கியமானதை டி-யில் வை, பத்திரமாக இருக்கும்" என்பார்கள். விண்டோஸை மறுபடி போடும்போது மட்டும் அது உண்மை. டிஸ்க்கே போனால் நான்கு எழுத்தும் ஒன்றாகப் போகும்.

அளவு

500 ஜிபி என்று பெட்டியில் போட்டிருப்பது 1000-இன் பெருக்கல். விண்டோஸ் 1024-இல் கணக்கிட்டு 465.7 என்று காட்டும். 2 டிபி டிஸ்க் 1863 ஆகத் தெரியும். கீழே சொல்லும் ஜிபி எல்லாம் 1024 கணக்கு. தாளில் 500 என்று வைத்துக்கொண்டு கூட்டினால் கடைசித் துண்டுக்கு 34 ஜிபி குறையும்.

எஸ்எஸ்டி-க்கு எழுதிய திட்டம் இது:

இஎஃப்ஐ பார்ட்டிஷன் (கணினியை எழுப்பும் பூட் ஃபைல்கள் இருக்கும் இடம்) 1 ஜிபி
விண்டோஸ், அதன் சிறு துண்டுகளோடு சேர்த்து 201 ஜிபி
லினக்ஸ் ரூட் (சிஸ்டமும் நிரல்களும்) 60 ஜிபி
லினக்ஸ் ஹோம் (சொந்த ஃபைல்கள்) 150 ஜிபி
யாருக்கும் கொடுக்காமல் விட்டது சுமார் 53 ஜிபி

விண்டோஸை விட்டால் இஎஃப்ஐ-க்கு வழக்கமாக 100 எம்பிதான் எடுத்துக்கொள்ளும். அது விண்டோஸுக்குப் போதும். ஆனால் சில லினக்ஸ் அமைப்புகள் சிஸ்டத்தின் கருவான கெர்னலையே அங்கே வைக்கும். அப்போது இரண்டு மூன்று கெர்னல் சேர்ந்ததும் இடம் தீர்ந்துவிடும். இந்தப் பார்ட்டிஷன் டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கிறது, வலப்பக்கம் விண்டோஸின் துண்டுகள் ஒட்டி நிற்கின்றன, பிறகு பெரிதாக்க வழி இல்லை. 465-இல் ஒரு ஜிபி இப்போதே கொடுத்துவிடுவது மேல்.

சி-க்கு 200 கொடுத்தது தாராளம்தான். காரணம் உண்டு. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒரு பார்ட்டிஷனைச் சுருக்குவது எளிது, வளர்ப்பது கடினம். வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலி இடம் இருந்தால்தான் வளர்க்க முடியும். சி-க்கு அடுத்து, விண்டோஸ் பழுதானால் மீட்க உதவும் ரெக்கவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி எத்தனை ஜிபி காலி இருந்தாலும் "எக்ஸ்டென்ட் வால்யூம்" மங்கலாகவே கிடக்கும்.

அதற்காக ரெக்கவரியை வேறு இடத்தில் வைக்கலாமா? கூடாது. அது சி-க்கு அடுத்தே இருந்தால்தான், சி-யைக் கொஞ்சம் சுருக்கி அதைப் பெரிதாக்க முடியும். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த கேபி5034441 அப்டேட் பல கணினிகளில் ஏறாமல் நின்றதற்கு, ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாததே காரணம்.

எஸ்எஸ்டி: செய்த வரிசை

முதலில் கணினியை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றினேன். இதைத் தவிர்க்கவே கூடாது. இரண்டு டிஸ்க்கும் இணைந்திருந்தால் விண்டோஸ் தன் பூட் ஃபைல்களைப் பழைய டிஸ்க்கில் இருக்கும் பூட் பார்ட்டிஷனில் போட்டுவிடக்கூடும். சி புது எஸ்எஸ்டி-யில், பூட் பழைய டிஸ்க்கில். பின்னாளில் பழையதைக் கழற்றினால் கணினி எழும்பாது. தவறான டிஸ்க்கை அழிக்கும் அபாயமும் கேபிளோடு சேர்ந்து போய்விடுகிறது.

விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட் என்ற பார்ட்டிஷன் கருவி. பிறகு லிஸ்ட் டிஸ்க், செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வெர்ட் ஜிபிடி, கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=1024, ஃபார்மட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32. கிளீன் எதையும் கேட்காது, அந்த நொடியே அழித்துவிடும். அதற்கு முன் லிஸ்ட் டிஸ்க்கில் தெரியும் 465 ஜிபி என்ற அளவை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு அந்தத் திரையை மூடி, வழக்கமான நிறுவலில் காலி இடத்தைத் தேர்ந்து 205824 எம்பி, அதாவது 201 ஜிபி கொடுத்தேன். அதற்குள்ளேயே விண்டோஸ் 16 எம்பி-க்கு தன் ஒதுக்கீட்டுத் துண்டு, சி, ரெக்கவரி மூன்றையும் அமைத்துக்கொண்டது.

ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் கணினியில் இடம் பிடிப்பவர்களுக்கு வேறு தொல்லை. 300 ஜிபி காலி இருக்கும். சுருக்கப் போனால் 12 ஜிபி-தான் தருவேன் என்னும். நடுவில் நகர்த்த முடியாத ஃபைல் ஒன்று கிடக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ஹைபர்னேஷன் ஃபைல் (அணையும்போது ராமில் இருப்பதைச் சேமிப்பது), பேஜ் ஃபைல் (ராம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம்), ரெஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) இவற்றில் ஒன்று. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, சுருக்கி, பிறகு திருப்பிப் போடலாம். அப்படியும் மசியவில்லை என்றால் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள். வழி மறிக்கும் ஃபைலின் பெயரே அங்கே இருக்கும்.

விண்டோஸ் ஏறியதும் செய்த இரண்டு வேலைகள். ஒன்று, டிஸ்க்கில் இருப்பதைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் தானாக இயங்கியிருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தியது. பூட் அமைப்பு மாறினால் அது சாவியைக் கேட்கும்; அப்போது சாவி அந்தக் கணினிக்குள்ளேயே இருந்து பயனில்லை. இரண்டு, நிர்வாகி உரிமையோடு பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டை நிறுத்தியது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் இதோடு போய்விடும். ஷட்டவுன் கொடுத்தாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் விண்டோஸை முழுதாக மூடுவதில்லை, பாதியை உறைய வைக்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் அதே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) பார்ட்டிஷனில் எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய நினைவை அதன்மேல் எழுதும். ஃபைல்கள் கெடும். கூடுதல் லாபம், 16 ஜிபி ராமுக்கு ஆறு ஜிபி-க்கு மேல் பிடித்திருந்த ஹைபர்னேஷன் ஃபைலும் போனது.

லினக்ஸ் மின்ட் நிறுவலில் "சம்திங் எல்ஸ்" தேர்ந்து, ரூட், ஹோம் இரண்டையும் லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 ஆக அமைத்தேன். முன்பு போட்ட 1 ஜிபி இஎஃப்ஐ-யையே இதற்கும் காட்டினேன். அங்கே ஃபார்மட் கட்டத்தில் டிக் விழுந்தால் விண்டோஸின் பூட் ஃபைல்கள் காலி. பென்டிரைவிலிருந்து பிசிடிபூட் கட்டளை கொடுத்து மீட்கலாம் என்றாலும், அந்த டிக்கை ஒரு தடவை பார்த்துவிட்டால் அந்த வேலையே இல்லை.

ஹோம் தனியாக வைத்தது இரண்டாவது காரணத்துக்காக. மின்ட்டின் அடுத்த பெரிய பதிப்பைப் புதிதாகப் போட்டாலும், ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து ஹோமை அப்படியே இணைத்துக்கொள்ளலாம். ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது லினக்ஸ் டிஸ்க்கில் எடுக்கும் இடம்) தனிப் பார்ட்டிஷன் போடவில்லை, ரூட்டுக்குள் 4 ஜிபி ஃபைல். ஹைபர்னேட் வேண்டுமென்றால் ராம் அளவுக்கு ஸ்வாப் வேண்டும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் பல லினக்ஸ்களில் ஹைபர்னேட்டே அனுமதிக்கப்படாது. அதற்காக 16 ஜிபி ஒதுக்குவது வீண்.

ஹார்ட் டிஸ்க்

பிரிப்பதற்கு முன், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைப் பார்த்தேன். டிஸ்க்கில் கெட்ட இடங்களை எண்ணும் 5, 197, 198 என்ற மூன்று வரிகளும் பூஜ்யம். 197 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் பார்ட்டிஷன் வேலை வேண்டாம், தரவை எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு.

நான்கு துண்டை இரண்டாக்க ஜிபார்ட்டெட் என்ற கருவியில் நகர்த்தி ஒட்டலாம். செய்யவில்லை. 600 ஜிபி பார்ட்டிஷனை இடப்பக்கம் நகர்த்துவதென்றால் அதே டிஸ்க்கில் படித்து அதே டிஸ்க்கில் எழுத வேண்டும். ஹெட் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில் ஆகும். நடுவில் கரண்ட் போனால் பாதி பழைய இடத்தில், பாதி புது இடத்தில். அதிலிருந்து மீள்வது மிகவும் கஷ்டம். யுபிஎஸ் இருந்தாலும் வீட்டு யுபிஎஸ் அத்தனை நேரம் தாங்காது.

ஆகவே 900 ஜிபி-யையும் யுஎஸ்பி டிஸ்க்குக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் எடுத்தேன். பெரிய ஃபைல்கள் நொடிக்கு 120 எம்பி வரை ஓடின. அந்த வேகத்தில் எல்லாம் இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டும், சின்ன போட்டோக்களால் நான்கரை மணி ஆனது. பிறகு செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஒப்பீட்டோடு அதே கட்டளையை ஒத்திகையாக ஓட்டி, வேறுபாடு ஒன்றும் இல்லை என்று பார்த்தபின்தான் பழையதை அழித்தேன். ஒப்பிடாத நகலை நம்பி அழிப்பது சரியல்ல.

பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை எம்பிஆர் என்ற பழைய முறை. அதில் நான்கு பிரைமரி பார்ட்டிஷன்தான், 512 பைட் செக்டர் கணக்கில் 2.2 டிபி-க்கு மேல் முகவரியும் இல்லை. இந்த டிஸ்க்குக்கு எம்பிஆர் எட்டும் என்றாலும் புதிய முறையான ஜிபிடி-க்கு மாற்றினேன். ஜிபிடி தன் அட்டவணையின் இன்னொரு நகலை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும். தொடக்கம் கெட்டாலும் மீட்கலாம்.

துண்டுகள் இரண்டு: 1400 ஜிபி என்டிஎஃப்எஸ், 463 ஜிபி இஎக்ஸ்டி4. இரண்டு சிஸ்டமும் தொட வேண்டிய போட்டோ, படம், ஆவணம் எல்லாம் முதலில். எக்ஸ்ஃபேட்டிலும் வைக்கலாம், அதில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) இல்லை, கரண்ட் போகும் வீட்டுக்கு என்டிஎஃப்எஸ் மேல். இரண்டாவது துண்டு, லினக்ஸின் பழைய நிலைகளைச் சேமிக்கும் டைம்ஷிஃப்ட்டுக்கும் ஹோமின் நகலுக்கும். டைம்ஷிஃப்ட் என்டிஎஃப்எஸ்-ஐ ஏற்காது, அதனால்தான் இந்தச் சுவர். ஹார்ட் டிஸ்க்கில் தொடக்கப் பகுதி என்பது தட்டின் வெளிவட்டம், வேகம் அதிகம். உள்வட்டத்துக்கு வரும்போது வேகம் கிட்டத்தட்ட பாதியாகும். தினமும் தொடுவது முன்னால், இரவில் ஓடும் பேக்கப் பின்னால். எஸ்எஸ்டி-யில் இந்த முன்பின் கணக்கு எதற்கும் பொருள் இல்லை.

இஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கு ஒதுக்கும். 463-இல் அது 23 ஜிபி. பேக்கப் துண்டுக்கு அது தேவையில்லை, 1 சதவீதமாகக் குறைத்தேன். ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வேண்டிய குறிப்பு) எண்ணிக்கையை மாற்றவில்லை. 16 கேபி-க்கு ஒன்று என்ற வழக்கத்தில் 7 ஜிபி போகிறது. ஆனால் பேக்கப்பில் சின்ன ஃபைல்கள் இலட்சக்கணக்கில் சேரும், அங்கே சிக்கனம் பார்த்தால் இடம் இருக்கும்போதே "இடம் இல்லை" என்று வரும்.

எஃப்எஸ்டேப்பில் (லினக்ஸ் எழும்போது இணைக்கும் பார்ட்டிஷன்களின் பட்டியல்) இரண்டையும் யுயுஐடி என்ற அடையாள எண் கொண்டு எழுதினேன், லினக்ஸ் டிஸ்க்குகளுக்குத் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் மாறலாம். இரண்டு வரியிலும், டிஸ்க் இல்லாவிட்டாலும் தொடரச் சொல்லும் நோஃபெயில் சேர்க்க வேண்டும். முதல் சோதனையில் ஒரு வரியில் அது விட்டுப்போனது. கேபிளைக் கழற்றிப் பூட் செய்து பார்த்தபோது லினக்ஸ் 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி திரையில் நின்றது. சேர்த்தபின் டிஸ்க் இல்லாமலும் எழுகிறது. போட்டோ ஃபோல்டருக்கு மட்டும் இன்னொரு நகல், கணினியோடு எப்போதும் இணைந்திராத அந்த யுஎஸ்பி டிஸ்க்கிலேயே தொடர்கிறது.

மூன்று மாதம் கழித்து

சி: 200-இல் 118 ஜிபி நிரம்பியிருக்கிறது. ரூட்: 60-இல் 31, இதில் பாதி ஃபிளாட்பேக் வகைச் செயலிகள். ஹோம்: 150-இல் 131, அதில் 40 ஒரு விர்ச்சுவல் மெஷின். என்டிஎஃப்எஸ்: 1400-இல் 960.

கொடுக்காமல் விட்ட 53 ஜிபி இப்போது உதவியது. அது ஹோமின் வலப்பக்கமே இருப்பதால், பார்ட்டெட் கருவியில் ரீசைஸ்பார்ட் 6 (ஹோம் ஆறாவது பார்ட்டிஷன்) என்று கொடுத்து முடிவிடமாக 1024 கணக்கில் 442 ஜிபி-யைக் குறித்தேன். அங்கே கேட்பது புது அளவை அல்ல, டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து பார்ட்டிஷன் முடியும் இடத்தை. 180 என்று கொடுத்திருந்தால் முடிவு தொடக்கத்துக்கும் முன்னால் விழும். பிறகு, ஃபைல் சிஸ்டத்தையும் அந்த அளவுக்கு வளர்க்கும் ரீசைஸ்2எஃப்எஸ். ஹோம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டு நொடியில் 180 ஆனது. அதற்கு முன் பேக்கப் ஓடி முடிந்ததா என்று பார்த்துக்கொண்டேன். மிச்சம் 23 ஜிபி இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.