45.7 மெகாபிக்சல் கேட்கும் வேலை: நிக்கான் டி850

நிக்கானின் டி850 கேமரா கைக்கு வந்த புதிதில் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: பழைய கேமராவிலேயே படம் ஷார்ப்பாக இருந்ததே! கேமராவில் பழுது ஒன்றும் இல்லை. 8256 × 5504 பிக்சல் படத்தைத் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். 24 மெகாபிக்சலில் பதுங்கியிருந்த கைநடுக்கம் இங்கே வெளியே வந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே அளவில் அச்சிட்டால் புதியது மோசமாக இருக்காது. ஆனால் இத்தனை பிக்சலைச் சுமந்துகொண்டு பாதிப் பலனோடு திரும்புவதில் என்ன லாபம்?

100 மி.மீ. லென்ஸுக்கு 1/100 நொடி என்ற பழைய கணக்கு இதில் போதாது. நடுக்கம் குறைக்கும் வசதி லென்ஸில் இல்லையென்றால் 1/200-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. டிரைபாடில் வைத்தாலும் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே எழும்போதும் ஷட்டர் திரை நகரும்போதும் ஏற்படும் அதிர்வு, மெதுவான ஷட்டர் வேகங்களில் படத்தில் பதியும். ஷட்டர் திரையின் அதிர்வைத் தவிர்க்கவே, முன்திரையின் வேலையைச் சென்சாரே செய்யும் மின்னணு முன்திரை ஷட்டர் இருக்கிறது. மெனுவில் அதை ஆன் செய்துவிட்டு, வழக்கமான 'எஸ்' (ஒற்றைப் படம்) முறையிலேயே எடுத்துப் பலனில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. 'க்யூ' (மெல்லிய ஓசை), 'க்யூசி' (மெல்லிய ஓசையில் தொடர் படங்கள்), 'எம்யுபி' (கண்ணாடியை முன்கூட்டியே தூக்குவது) ஆகிய மூன்று முறைகளில் மட்டுமே அது வேலை செய்யும். 'எம்யுபி'யில் முதல் அழுத்தில் கண்ணாடி எழும். ஓரிரு நொடி விட்டு இரண்டாம் அழுத்தில் படம் பதியும். ரிமோட் வயர் இல்லாமல் இதைச் செய்வது வீண்.

அடுத்த சந்தேகம் ஃபோகஸ். வியூஃபைண்டர் வழியாக எடுக்கும்போது ஃபோகஸைப் பார்ப்பது படம் பதியும் சென்சார் அல்ல, அடியில் இருக்கும் தனி உணரி. இரண்டுக்கும் இடையில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) அகலமாகத் திறக்கும் எஃப்/1.4-இல் கண்ணுக்குப் பதில் காது மடல் ஷார்ப்பாகும். திருத்தும் வழி கேமராவிலேயே இருக்கிறது. டிரைபாடில் வைத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) நடுப்புள்ளியைக் கொண்டு அழுத்தமான கோடுகளுள்ள தட்டையான பொருளின்மேல் ஃபோகஸ் செய்யுங்கள். பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்தபின், ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) முறைப் பொத்தானையும் வீடியோ பதிவுப் பொத்தானையும் சேர்த்து இரண்டு நொடிக்கு மேல் அழுத்தினால் -20 முதல் +20 வரையிலான அளவில் ஃபோகஸைத் திருத்தும் ஓர் எண் பதிவாகும். ஒரு தடவை வந்த எண்ணை நம்ப வேண்டாம். ஐந்தாறு தடவை செய்து, நடுவில் வரும் எண்ணை வையுங்கள். வழக்கமாக எவ்வளவு தூரத்தில் எடுக்கிறீர்களோ அதே தூரத்தில் செய்வது முக்கியம். ஜூம் லென்ஸுக்கு மொத்தமாக ஒரே எண்தான். ஆகவே அதிகம் பயன்படும் முனைக்குச் சரிசெய்துவிட்டு மறுமுனையில் சற்றுப் பொறுத்துப்போக வேண்டியிருக்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் கைம்மாறு ஐஎஸ்ஓ 64 என்ற குறைந்த ஒளியுணர் அளவு. அதில் எடுத்த ரா ஃபைலில் (சென்சார் தரும் பதப்படுத்தாத தரவு) இருட்டான பகுதியை மூன்று ஸ்டாப், அதாவது எட்டு மடங்கு, தூக்கினாலும் இரைச்சல் தொந்தரவு தராது. வெளுத்துப்போன வானத்தை மட்டும் எதுவும் மீட்காது. வெளிச்சப் பகுதிக்கு முன்னுரிமை தரும், நட்சத்திரக் குறியிட்ட மீட்டரிங் (ஒளியளவு) முறை அதற்குத் துணை. படம் இருண்டு தெரிந்தாலும் பயப்பட வேண்டாம், பிறகு தூக்கிக்கொள்ளலாம்.

நிலக்காட்சிக்கு எஃப்/16 என்று பழகிய கை இங்கே கொஞ்சம் தயங்க வேண்டும். பிக்சலின் அகலம் ஏறத்தாழ 4.35 மைக்ரோமீட்டர். எஃப்/11-ஐத் தாண்டினால், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் வரும் மங்கல் (டிஃப்ராக்‌ஷன்) கண்ணில் படத் தொடங்கும். முன்புறமும் தொலைவும் ஒருசேரத் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்/8-இல், படத்துக்குப் படம் ஃபோகஸைத் தானாக நகர்த்தும் ஃபோகஸ் ஷிஃப்ட் கொண்டு பல படங்கள் எடுக்கலாம். கேமரா எடுத்துத்தான் கொடுக்கும்; அடுக்கி ஒன்றாக்குவது கணினியின் வேலை. நெருக்கமாக நெய்த துணியில் வானவில் கோடுகள் ஓடுவதற்கு, சென்சாரின் முன் மென்மையாக்கும் வடிகட்டி இல்லாததே காரணம். அதற்கு இரண்டடி முன்னே பின்னே நகர்வதே முதல் வைத்தியம். அதிலும் போகாவிட்டால் மட்டும் எஃப்/16. அப்போது அந்த மங்கலே மருந்து.

14 பிட், இழப்பில்லாச் சுருக்கத்தில் ஒரு ரா ஃபைல் சுமார் 50 எம்பி. ஆயிரம் படத்துக்கு 50 ஜிபி, காப்பு நகலோடு நூறு. வேகமான எக்ஸ்க்யூடி நினைவக கார்டோடு மெதுவான எஸ்டி கார்டை இணைத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதச் சொன்னால், மெதுவான கார்டின் வேகமே கேமராவின் வேகம். நொடிக்கு 7 படம் என்பது சிறிது நேரத்தில் திணறிவிடும். பறவைக்கு, சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் டிஎக்ஸ் கிராப் போட்டுவிடலாம். அப்போதும் 19 மெகாபிக்சலுக்கு மேல் கிடைக்கும், ஃபைலும் பாதிக்குக் கீழே வரும்.

லைவ் வியூ ஆட்டோஃபோகஸ் அசையாத பொருளுக்குத் துல்லியம், நடந்து வருபவருக்குத் தடுமாற்றம். வீடியோவில் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புவதே நிம்மதி. அதே லைவ் வியூவில் கிடைக்கும் ஓசையில்லா ஷட்டரை எல்இடி விளக்குள்ள மேடையில் நம்பினால் படத்தில் குறுக்கே பட்டைகள் விழும். அங்கே 'க்யூ' முறையின் மெல்லிய 'க்ளக்'கைச் சகித்துக்கொள்வதே மேல்.