பிர்கத் அல் மௌஸில் ஒரு முறைத் தண்ணீர்

ஒன்றரை மணி நேரம் மொட்டை மலையையே பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்கு முன்னால் திடீரென்று வாழை இலை ஆடியது. காரை ஓரங்கட்டிவிட்டேன். மனைவிக்கு உடனே இலை அறுக்க வேண்டும். "ரெண்டே ரெண்டுங்க, நுனி இலை" என்று கெஞ்சினாள். அடுத்தவர் தோட்டம் என்று சொல்லித் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா போகும் வழியில், ஜபல் அக்தர் மலையடிவாரத்துச் சின்ன ஊர் பிர்கத் அல் மௌஸ். பெயருக்கே வாழைக்குளம் என்றுதான் பொருள். மேட்டில் ஆளில்லாத பழைய மண்வீடுகள். கீழே பேரீச்சை, அதன் நிழலில் வாழை. என்னை அசையவிடாமல் நிறுத்தியது அங்கே ஓடுகிற வாய்க்கால்தான். பெயர் ஃபலஜ் அல் கத்மைன். ஃபலஜ் என்றால் ஒமானின் பழைய பாசன வாய்க்கால். யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்து ஒமானிய ஃபலஜ்களில் ஒன்று. மோட்டார் கிடையாது, தண்ணீர் நிலத்தின் சரிவிலேயே இறங்கி வருகிறது. குடிக்க எடுத்தது போகத்தான் தோட்டத்துக்கு.

வாமடையைக் கல்லும் துணியும் வைத்து அடைத்துக்கொண்டிருந்த பெரியவர் பாதி இந்தியில் விளக்கினார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் இத்தனை 'அதர்' என்று பங்கு. ஒரு அதர் ஏறக்குறைய அரை மணி நேரம். அந்தக் காலத்தில் பகலில் குச்சியின் நிழலையும் ராத்திரியில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றுவார்களாம்.

ஊரில் எங்களுடையது கடைமடை, வாய்க்காலின் கடைசி வயல். முறை வரும் ராத்திரி அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். டார்ச் பிடிக்க நான். மேலே யாரோ மடையைத் திறந்துவிட்டிருப்பார்கள். அடைத்துவிட்டு வந்து படுத்தால், விடிவதற்குள் மறுபடி திறந்திருக்கும். பயிர் கருகிய வருஷத்தில்தான் நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். அந்தத் தண்ணீர் ஒழுங்காக வந்திருந்தால் ஊரை விட்டிருக்கவே மாட்டேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

மஸ்கட்டில் 11 வருஷம் ஆகிவிட்டது. ஊர் நினைப்பெல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அன்றைக்கு வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்கவைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசித் தோட்டம் வரைக்கும் போகுதாடா?"

போனைக் காதில் வைத்தபடியே வாய்க்காலோடு நடந்தேன். கடைசிப் பேரீச்சையின் பாத்தியில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.

"ஈரமா இருக்குப்பா."