ஆறடிச் சாய்தளம்

டெல்டாவில் பல அலுவலகங்களின் தரையை இரண்டடி தூக்கித்தான் கட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைத்தண்ணீர் உள்ளே வரக் கூடாதே. சரி, நியாயம்தான். ஆனால் அந்த இரண்டடிக்குச் சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி சாய்தளம் போட 24 அடி நீளம் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி என்பதுதான் கணக்கு. கும்பகோணம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் ஆறடியில் முடித்துவிட்டார்கள்! சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து ஆள் தள்ளினாலே மூச்சு வாங்கும், இறங்குவதைக் கேட்கவே வேண்டாம். போதாததற்குப் பளபளவென்று கிரானைட். ஏறும் இடத்தை மறித்து ஒரு புல்லட் வேறு.

இடமில்லையென்றால் சுவரை ஒட்டி, நடுவில் திரும்பச் சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். இருபக்கமும் கைப்பிடி, சொரசொரப்பான தரை, அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். இருக்கிற பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, 2017-ல் விதிகள் வந்ததிலிருந்து ஐந்தாண்டு அவகாசம். அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. வேலை கிடைத்து வருகிறவர், கழிப்பறைக்குப் போக வழியில்லையே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

ஆய்வுக்கு வருகிறவர்கள் படிவத்தில் 'சாய்தளம் உண்டு' என்று டிக் அடிப்பதற்கு முன், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒருவரைக் கூட்டிவந்து கவுன்ட்டர் வரை போய்வரச் சொல்லுங்கள். டேப்பை அப்புறம் எடுக்கலாம்.